வங்கதேசத்தின் நீண்டகால வெள்ள அபாய மதிப்பீடு: வழிகாட்டுதல் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வங்கதேசத்தில் 2050-ஆம் ஆண்டளவில் எத்தனை பேர் வெள்ள அபாயத்தில் வாழ்வார்கள் என்பதை ஆய்வேட்டுக்காக மதிப்பிட்டு வருகிறேன்.

முதல் சிக்கல் நில உயரத் தரவு. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் திரட்டப்பட்ட எஸ்ஆர்டிஎம் தரவு, மரத்தின் தலையையும் கூரையையும் தரையோடு சேர்த்து அளந்துவிடுவதால், தென்னையும் பாக்கும் அடர்ந்த, நாட்டின் தெற்கிலுள்ள பரிசால் பக்கத்துக் கிராமங்களை உண்மையைவிட மேடாகக் காட்டுகிறது. கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேலுள்ள நிலத்தில் இந்தப் பிழை, பல லட்சம் பேரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடும். மரங்களின் உயரத்தைக் கழித்துத் திருத்திய தரவுகளில் எது இந்தக் கழிமுகத்துக்குப் பொருந்தும்?

அதைவிடக் குழப்புவது கடலோரப் பகுதியின் தடுப்புக் கரைகள். 1960-களிலிருந்து எழுப்பப்பட்ட இவை உப்புநீரைத் தடுத்தாலும், ஆற்று வண்டலையும் உள்ளே விடாததால், உட்புற நிலம் தாழ்ந்து, வெளியே ஆற்றுப்படுகை உயர்ந்து, பல இடங்களில் மழைநீர் வடியாமல் தேங்குகிறது. இப்பகுதி மக்களைப் பாதுகாக்கப்பட்டவர்கள் என்று கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் இந்தக் கரைகள் உடையும் வாய்ப்பைக் கணக்கில் சேர்க்கும் முறை பிடிபடவில்லை.

ஆண்டுதோறும் வயலுக்கு வண்டல் தரும் வெள்ளத்தையும், 1998-இல் நாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மூழ்கடித்த வெள்ளத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கவும் முடியாது. எத்தனை அடி ஆழம், எத்தனை நாள் தேக்கம் என்பதை அபாயத்தின் எல்லையாகக் கொள்ளலாம்? டாக்காவை நோக்கிய இடப்பெயர்வை மக்கள்தொகைக் கணிப்பில் சேர்த்த அனுபவம் உள்ளவர்கள், பயன்படுத்திய தரவையும் முறையையும் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.