புதுப்பிப்பு: ஸ்லீவ் ஆபரேஷனும் தலைசுற்றலும்

எடை குறைப்பு ஆபரேஷனுக்கு முந்தைய திரவ உணவுக் காலத்திலேயே தலை சுற்றுகிறது, பயமாக இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஸ்லீவ், அதாவது வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துச் சிறிதாக்கும் அந்த ஆபரேஷன், நல்லபடியாக முடிந்து மும்பை செம்பூர் வீட்டில் இருக்கிறேன்.

சாப்பாடு குறைந்தும் சுகர் மாத்திரை பழைய அளவிலேயே இருந்ததுதான் அப்போதைய காரணம். டாக்டர் குறைத்ததும் அடங்கிவிட்டது.

பிறகு வந்தது வேறு. எழுந்தாலே கண் இருட்டிக்கொண்டு வந்தது. படுக்கவைத்து பிபி பார்த்தார்கள், நிற்கவைத்து 3 நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தார்கள். மேல் அளவு 20க்கும் அதிகமாக இறங்கியிருந்தது. உடம்பில் நீர் போதவில்லை. எடை இறங்க இறங்க பிபி மாத்திரையும் அதிகப்படியாகிவிட்டது. அதையும் டாக்டர்தான் குறைத்தார். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இப்போது சின்ன எவர்சில்வர் டம்ளரும் கையுமாகத்தான் இருக்கிறேன். ஒரு மடக்கு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. மடமடவென்று குடிக்க இந்த வயிறு இடம் கொடுக்காது. மும்பைப் புழுக்கத்தில் வியர்வையோ நிற்பதில்லை. நாளுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். கட்டிலில் கால் தொங்கப்போட்டுச் சற்று உட்கார்ந்த பிறகே எழுகிறேன்.

வாந்தி நிற்காமல், நடை தள்ளாடினாலோ பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ வைட்டமின் பி1 குறைபாடாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்து பி12, இரும்புச்சத்துப் பரிசோதனை. ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.