டின் விசில் பழகும் குழந்தைக்கு ஏற்ற துள்ளலான ஐரிஷ் மெட்டுகள் எவை?

கேள்வி

நாங்கள் அயர்லாந்தின் லிமெரிக் நகரில் வசிக்கிறோம். ஒன்பது வயதாகும் என் மகளுக்குப் பள்ளியில் டின் விசில் (ஆறு துளை உள்ள சிறிய உலோகக் குழல்) கற்றுத் தருகிறார்கள். அவளிடம் இருப்பது டி விசில், அதாவது எல்லாத் துளைகளையும் மூடி ஊதினால் மேற்கத்திய டி ஸ்வரம் ஒலிப்பது. கீழ் ஸ்தாயி சுத்தமாக வருகிறது. மேல் ஸ்தாயி அவ்வப்போது கீச்சிடுகிறது. இதுவரை பழகியவை அனைத்தும் மெதுவான மெட்டுகள் என்பதால் அவளுக்கு அலுத்துவிட்டது. காலால் தாளம் போட வைக்கும் மெட்டுதான் வேண்டுமென்று இணையத்தில் ஒரு ரீலை (வேகமான ஐரிஷ் நடன மெட்டு வகை) தேடியெடுத்து முயன்று, இரண்டாம் வரியில் மூச்சு முட்டி, விசிலைச் சோபாவில் எறிந்துவிட்டாள். நான் சிறு வயதில் சில ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றிருக்கிறேனே தவிர, இந்த ஊர் இசை எனக்குத் தெரியாது. உற்சாகமும் வேண்டும், குழந்தையின் விரலுக்கும் அடங்க வேண்டும், எதிலிருந்து தொடங்கலாம்?

முதல் மறுமொழி

ரீலை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டுப் போல்காவில் தொடங்குங்கள். கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லையில் உள்ள ஸ்லீவ் லூக்ரா பகுதியில் இன்றும் நடனத்துக்கு வாசிக்கப்படும் இந்த வகை மெட்டுகள் 2/4 தாளத்தில் அமைந்தவை. எட்டு அளவுகள் (ஒரு தாளச் சுற்று ஓர் அளவு) கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றையும் இருமுறை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். ரீலிலும் பொதுவாக இதே அமைப்புதான் என்றாலும், அதன் ஒவ்வொரு அளவிலும் எட்டு ஸ்வரங்கள் இடைவெளியின்றி ஓடும். போல்காவில் நான்குக்கு மேல் அதிகம் வராது. உங்கள் மகளுக்கு மூச்சு முட்டியதற்கு ரீலின் அந்த ஓட்டமே காரணம்.

'ஈகன்ஸ் போல்கா', 'பிரிட்சஸ் ஃபுல் ஆஃப் ஸ்டிட்சஸ்' ஆகிய இரண்டையும் முதலில் எடுக்கலாம். பின்னதை ஃபிடில் (வயலின்) வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஏ-யை ஸட்ஜமாக வைத்து வாசிப்பார்கள். விசிலுக்கு ஜி-யே வசதி. இரண்டும் கைவந்த பிறகு 6/8 தாளத்துக்குப் பழக, அந்தத் தாளத்தில் அமைந்த ஜிக் என்ற நடன வகையில் 'கெஷ் ஜிக்' சரியாக இருக்கும். அதன் முதல் பகுதி எளிது. இரண்டாம் பகுதியின் முடிவு நன்றாக மேலே ஏறும் என்பதால், முதல் பகுதியை மட்டும் ஒரு மாதம் வாசித்தாலும் தவறில்லை.

இரண்டாம் மறுமொழி

போல்காவில் தொடங்கலாம் என்பதை ஏற்கிறேன். 'ஈகன்ஸ்' முதலில் வேண்டாம் என்பது என் கருத்து. அதன் தொடக்கமே மேல் ஸ்தாயி எஃப் ஷார்ப்பிலிருந்து கீழ் ஏ-க்குக் குதிப்பதுதான். நான்கு விரல் மூடி அழுத்தி ஊதியவர், அடுத்த நொடியில் இரண்டு விரல் மட்டும் மூடி மெதுவாக ஊத வேண்டும். இது முதல் இரண்டு அளவுகளிலும் திரும்பத் திரும்ப வரும். மேல் ஸ்தாயி கீச்சிடும் குழந்தை அங்கேயே மனம் உடைந்துவிடும்.

அதற்குப் பதிலாக 'டானிங் ஆஃப் தி டே' மெட்டை எடுங்கள். பலரும் அதை உருக்கமாக இழுத்து வாசிப்பதால் சோக மெட்டு என்ற பெயர் வந்துவிட்டது. அணிவகுப்பு நடையில் வாசித்துப் பாருங்கள், நிமிர்ந்து நடக்கத் தோன்றும். பெரும்பகுதி கீழ் ஸ்தாயியிலேயே நிற்கிறது.

சங்கீதம் அறிந்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 'ரோடு டு லிஸ்டூன்வார்னா' என்ற மெட்டுக்கு ஈ ஸ்வரமே ஆதாரம். டி விசிலின் இயல்பான ஸ்வரங்களை ஈ-யிலிருந்து வாசித்தால் கரகரப்பிரியா ராகத்தின் ஸ்வரங்கள் கிடைக்கும். சோகச் சாயல் தரும் தாழ்ந்த 'க'-வான சாதாரண காந்தாரம் இருந்தும் அந்த மெட்டு துள்ளிக்கொண்டு ஓடுவதை நீங்களே ரசிப்பீர்கள்.

மூன்றாம் மறுமொழி

சகோதரி, உங்களுக்கு ஏற்கெனவே ஓர் ஐரிஷ் மெட்டு தெரிந்திருக்க வாய்ப்புண்டு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஐரோப்பிய மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் சாஹித்யம் அமைத்த நோட்டுஸ்வரங்களில் 'வந்தே மீனாக்ஷி' என்பது 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' மெட்டேதான். மாலோ கார்க் மாவட்டத்தில் உள்ள ஊர். உங்களுக்குத் தொலைவுகூட இல்லை. நீங்கள் பாட, மகள் வாசிக்கலாம். காதில் ஏறிய மெட்டை விரல் விரைவில் பிடித்துக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. டி-யை ஸட்ஜமாக வைத்தால் விசிலில் சங்கராபரண ராகம் தானாக வரும். ஜி-யை ஸட்ஜமாக வைக்கும்போது, எல்லாத் துளைகளையும் திறந்து ஊதினால் கிடைக்கும் சி ஷார்ப், உயர்ந்த 'ம'-வான பிரதி மத்யமமாகிவிடும். சங்கராபரணத்தில் கல்யாணி நுழைந்துவிடும். மேல் துளையைத் திறந்து வைத்து, இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டும் மூடினால் தாழ்ந்த 'ம'-வான சுத்த மத்யமம் கிடைக்கும். இந்தக் குறுக்கு விரலைத் தனியாகப் பத்து நிமிடம் பழக்கிவிட்டு மெட்டுக்குப் போங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. 'வந்தே மீனாக்ஷி'யை நான் பாடத் தொடங்கியதுமே அவள் விசிலை எடுத்து வந்துவிட்டாள். மத்யமம் நீங்கள் சொன்னபடியே கல்யாணியாகத்தான் முதலில் ஒலித்தது. விரலை மாற்றியதும் சரியாயிற்று. ஆனால் வரி முடிவில் மூச்செடுப்பதற்குள் தாளம் தாண்டிப் போய்விடுகிறது. மூச்சை எங்கே எடுப்பது?

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

வரி முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விசில் வாசிப்பவர்கள் ஸ்வரங்களுக்கு நடுவே நேரம் தேடுவதில்லை. ஏதாவது ஒரு ஸ்வரத்தையே விட்டுவிட்டு அந்த இடத்தில் மூச்செடுப்பார்கள். தாளம் விழும் ஸ்வரத்தை விடக்கூடாது. அதற்கு அடுத்து வரும் மெல்லிய ஸ்வரத்தை விடலாம், நீண்ட ஸ்வரம் இருந்தால் அதைப் பாதியில் நறுக்கலாம். எந்த ஸ்வரத்தை விடுவது என்பதை முன்பே தீர்மானித்து, தாளில் பென்சிலால் சுழித்து வைத்து, ஒரு வாரம் அதே இடத்திலேயே மூச்செடுக்கச் சொல்லுங்கள்.