முட்டைக்கோஸ் வேர் கட்டி கட்டியா வீங்கியிருக்கு, என்ன பண்றது?

கோஸ்பாத்தி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுத் தோட்டத்துல தரையில பாத்தி போட்டு முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், ஓரமா கொஞ்சம் நூக்கலும் வெச்சிருக்கேன். நட்ட புதுசுல நல்லாத்தான் வந்துச்சு, இப்போ கொஞ்ச நாளா மதியம் வெயில் ஏறினா கோஸ் இலையெல்லாம் துவண்டு தொங்குது, சாயங்காலம் போய் பார்த்தா எதுவுமே நடக்காத மாதிரி நிமிர்ந்து நிக்குது, மண்ணுல ஈரம் இருக்கு அதனால தண்ணி பத்தலைன்னு சொல்ல முடியாது. கீழ் இலை மஞ்சளாகி ஓரத்துல ஊதா கலர் ஏறுது, தலை கட்டவே மாட்டேங்குது. இலைய திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன், புழுவும் இல்ல அசுவினியும் இல்ல. இன்னைக்கு ஒரு செடிய பிடுங்கிப் பார்த்தா வேரெல்லாம் விரல் தண்டிக்கு வீங்கி கோணல்மாணலா இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கு, சல்லிவேர் கொஞ்சம்கூட இல்ல. அதே பாத்தி ஓரத்துல இருக்கற தக்காளி, வெண்டைக்கு ஒண்ணும் ஆகல. இது என்ன வியாதி, மருந்து ஏதாவது ஊத்தினா மிச்ச செடி பிழைக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மண்வெட்டி:
மருந்து எதுவும் இப்போ ஊத்தாதீங்க, முதல்ல என்னன்னு உறுதி பண்ணிக்கலாம். வேர் வீங்கினா உடனே நூற்புழுன்னு சொல்லிடுவாங்க, ஆனா வேர்முடிச்சு நூற்புழு இருந்தா பக்கத்துல இருக்கற தக்காளி வெண்டைய விட்டு வைக்காது, அதுங்களுக்குத்தான் முதல்ல வரும், அதோட முடிச்சு சின்னச் சின்ன மணியா வேர் நெடுக கோத்த மாதிரி இருக்கும். நீங்க சொல்றது கோஸ் குடும்பத்த மட்டும் பிடிச்சிருக்கு, வீக்கமும் பெருசு. ஒரு காரியம் பண்ணுங்க, அந்த வேர ஒரு வாளித் தண்ணியில கழுவி (கழுவின தண்ணிய பாத்தியில ஊத்திடாதீங்க) வீங்கின இடத்த கத்தியால நீளவாக்குல பிளந்து பாருங்க. உள்ள பொந்தா இருந்து வெள்ளைப் புழு ஒண்ணு சுருண்டு கிடந்தா அது கூன்வண்டோட வேலை, அதுக்கு இவ்ளோ பயப்பட வேண்டியதில்ல. வேர்ல வீக்கமே இல்லாம அரிச்சு சுரங்கம் சுரங்கமா இருந்தா வேர் ஈயோட புழு. உள்ள பொந்து இல்லாம கெட்டியா சதையா இருந்தா சொல்லுங்க.

கோஸ்பாத்தி:
பிளந்து பார்த்தேன் அண்ணா. உள்ள பொந்து இல்ல, புழு இல்ல, கெட்டியா வெள்ளையா இருக்கு, நடுவுல மட்டும் சலவைக்கல்லுல ஓடற கோடு மாதிரி லேசா திட்டு திட்டா தெரியுது. இன்னொரு செடிய பிடுங்கினேன், அதுல வீக்கம் பழுப்பாகி கொழகொழன்னு அழுக ஆரம்பிச்சிருக்கு, நாத்தம் தாங்கல.

மண்வெட்டி:
அப்போ கிளப் ரூட்ங்கற வேர்வீக்க நோய் தான். நாத்தம் வர்ற செடிய மண்ணோட சேர்த்து உடனே எடுத்துடுங்க, அதுதான் இப்போ அவசரம், ஏன்னா வீக்கம் அழுகி உடையும்போதுதான் உள்ள இருக்கற வித்து (விதை இல்ல, கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமி ஸ்போர்) கோடிக்கணக்குல மண்ணுக்குள்ள கலக்கும். பொதுவா பூஞ்சைன்னு சொல்லுவாங்க, ஆனா இது பூஞ்சை இல்ல, பிளாஸ்மோடியோபோரா பிராசிகேங்கற ஒரு செல் உயிரி, ரஷ்யாவுல வோரோனின்ங்கற விஞ்ஞானி 1870கள்லயே கண்டுபிடிச்சு எழுதி வெச்சது. பூஞ்சைக்கு அடிக்கற சாதாரண மருந்து இதுக்கு வேலை செய்யாததுக்கு அதுவும் ஒரு காரணம். மண்ணுல தூங்கிட்டு இருக்கற வித்து கோஸ் வகை வேர் பக்கத்துல வந்ததும் முழிச்சுக்கும், அதுல இருந்து வெளிய வர்றது மண்ணு ஈரத்துல நீந்திப் போய் வேர்த்தூவிக்குள்ள நுழையும், அப்புறம் உள்ள இருக்கற செல்லையெல்லாம் ஊத வெச்சுடும். வேர் தண்ணி இழுக்கற வேலைய விட்டுடும், அதனாலதான் மண்ணு ஈரமா இருந்தும் மதியத்துல செடி துவளுது. வந்த செடிய குணமாக்க மருந்து கிடையாதுங்க, இத மனசுல வெச்சுக்கோங்க. இனிமே காப்பாத்த வேண்டியது மண்ண.

பச்சைவிரல்:
நான் வேற மாதிரி சொல்றேன், வேப்பம்புண்ணாக்கும், டிரைக்கோடெர்மாங்கற நல்ல பூஞ்சையும், சூடோமோனாஸ்ங்கற நல்ல பாக்டீரியாவும் தொழு உரத்துல கலந்து போடுங்க, என் தோட்டத்துல எந்த வேர் பிரச்சனைக்கும் அதுதான் போடுவேன்.

மண்வெட்டி:
பச்சைவிரல் அக்கா, அது மண்ணுக்கு கெடுதல் இல்ல, நூற்புழுவுக்கு வேப்பம்புண்ணாக்கு நல்லாவே கேக்கும். ஆனா இந்த நோய்க்கு அத மட்டும் நம்பினா அடுத்த போகமும் போயிடும். டிரைக்கோடெர்மா சில இடத்துல கொஞ்சம் குறைக்குது, சில இடத்துல ஒண்ணுமே தெரியறதில்ல. முதல்ல மண்ணோட பிஎச் (புளிப்பு அளவு, 7க்கு கீழ போனா புளிச்ச மண்ணு) பாக்கணும், இதுக்கு புளிச்ச மண்ணு ரொம்பப் பிடிக்கும், 6.5க்கு கீழ இருந்தா கொண்டாட்டம், 7.2க்கு மேல போனா வித்து முளைக்கறது நல்லா குறையும். தண்ணி தேங்கற மண்ணும், 20 டிகிரிக்கு மேல சூடும் சேர்ந்தா இன்னும் வேகமாப் பரவும்.

கோஸ்பாத்தி:
பிஎச் கிட் இருந்துச்சு, நாலு மூலையிலயும் நடுவுலயும் மண்ணெடுத்து கலந்து பார்த்தேன், 5.8 காட்டுது. அப்போ சுண்ணாம்பு போடணுமா? எப்போ, எப்படி?

வேர்க்கால்:
5.8ன்னா சுண்ணாம்பு தான். நைஸா அரைச்ச சுண்ணாம்புக்கல் பவுடர் மெதுவா வேலை செய்யும், அதனால அடுத்த நடவுக்கு சில மாசம் முன்னாடியே போட்டு ஒரு சாண் ஆழத்துக்கு நல்லா கொத்திக் கலக்குங்க, மேலாக்க தூவி விட்டா வேர் இருக்கற இடத்துக்கு எட்டாது. நீத்த சுண்ணாம்பு சீக்கிரம் ஏத்தும், நடறதுக்கு சில வாரம் முன்னாடி போட்டாலும் போதும், ஆனா கையையும் கண்ணையும் சுடும், கிளவுஸ் கண்ணாடி போட்டுக்கிட்டு காத்து இல்லாத நேரமா பார்த்துப் போடுங்க, குழந்தைங்கள பக்கத்துல விடாதீங்க. முக்கியமா சுண்ணாம்பும் சாண எருவும் யூரியாவும் ஒரே நாள்ல கலக்கவே கூடாது, அதுல இருக்கற தழைச்சத்து அம்மோனியாவா காத்துல போயிடும். அளவு மண்ணப் பொறுத்து மாறும், மணல் மண்ணுக்கு கொஞ்சம் போதும், களிமண்ணுக்கு நிறைய பிடிக்கும், அதனால கொஞ்சம் போட்டு கலந்து சில வாரம் கழிச்சு திரும்ப அளந்து பார்த்துப் போடறதுதான் நல்லது. 7.5 தாண்டி ஏத்திடாதீங்க, போரான், இரும்பு, துத்தநாகம் எல்லாம் செடிக்குக் கிடைக்காமப் போயிடும், காலிஃப்ளவருக்கு போரான் குறைஞ்சா தண்டு நடுவுல பொந்தாகி பூ பழுப்பாகும்.

கோஸ்பாத்தி:
ரொம்ப நன்றிங்க. இன்னும் சில செடி லேசா துவளுதே தவிர நல்லா இருக்கு, அதையும் பிடுங்கிடணுமா? பிடுங்கினத கம்போஸ்ட் குழியில போடலாமா?

மண்வெட்டி:
கம்போஸ்ட்ல வேர போடவே போடாதீங்க. வீட்டுக் குழியில அந்த அளவுக்கு சூடு ஏறாது, வித்து செத்துப்போகாம அந்த உரம் போற பாத்திக்கெல்லாம் நோயும் போகும். மாட்டுக்கும் கொடுக்காதீங்க, வயித்துக்குள்ள போய் சாணத்துலயும் உயிரோடவே வெளிய வரும். வேர காய வெச்சு எரிச்சுடுங்க, முடியலைன்னா கவர்ல கட்டி குப்பைக்கு அனுப்புங்க. இலையில நோய் இல்ல, தாராளமா சாப்பிடலாம். லேசா துவளற செடிக்கு தண்டைச் சுத்தி நல்ல மண்ணு அணைச்சு விடுங்க, அங்கிருந்து புதுசா வேர் விடும், அது போதும் சின்னதா ஒரு தலை கட்ட, பெருசாகட்டும்னு காத்திருக்காம சின்னதுலயே அறுத்துட்டு வேர உடனே எடுத்துடுங்க, வீக்கம் மண்ணுக்குள்ள அழுக விடக்கூடாது.

வேர்க்கால்:
கூடவே ஒண்ணு, மண்வெட்டி, செருப்பு, பூந்தொட்டி இதுலயெல்லாம் ஒட்டியிருக்கற மண்ணுலதான் இது அடுத்த பாத்திக்குப் போகும். மண்ண சுரண்டி எடுத்துட்டு கழுவி அப்புறம் ப்ளீச்சிங் தண்ணியில ஊற வைங்க, மண்ணு ஒட்டியிருக்கும்போதே ப்ளீச் போட்டா பிரயோஜனம் இல்ல. அந்த பாத்தி வேலைய எப்பவும் கடைசியா செய்ங்க.

பச்சைவிரல்:
எங்கிருந்து வந்திருக்கும்? நாத்து வாங்கினதா கோஸ்பாத்தி?

கோஸ்பாத்தி:
ஆமா அக்கா, கோஸ் நாத்து மட்டும் வெளிய வாங்கினது, மண்ணு உருண்டையோட வந்துச்சு. காலிஃப்ளவர் நானே விதை போட்டது.

பச்சைவிரல்:
அப்போ அது வழியா வந்திருக்க வாய்ப்பு அதிகம். இனிமே விதையில இருந்தே சுத்தமான கலவையில நாத்து விடுங்க.

வேர்க்கால்:
அதுலயும் ஒரு வழி இருக்கு. சின்ன ட்ரேல இருந்து நேரா பாத்திக்கு மாத்தாம ஒரு பெரிய தொட்டியில சுத்தமான மண்ணுல வளர்த்து வேர் நல்லா நிரம்பினதும் மண்ணு உடையாம நடுங்க, நோய் பிடிச்சாலும் அதுக்குள்ள செடி பலமாகியிருக்கும், காய் கிடைச்சுடும். இல்லைன்னா கோஸ் வகைய முழுக்கவே பைல, தொட்டியில வெச்சுக்கலாம், தோட்ட மண்ணு மட்டும் அதுல கலந்துடக் கூடாது. தாங்கற ரகமும் இருக்கு, கோஸ்ல கிலாட்டன், காலிஃப்ளவர்ல கிளாப்டன்னு தேடிப் பாருங்க, ஆனா அதையே வருஷா வருஷம் அதே இடத்துல போட்டா நோய் அதையும் ஜெயிக்கப் பழகிடும்.

கோஸ்பாத்தி:
அந்த பாத்தியில எத்தனை வருஷம் கோஸ் போடக்கூடாது? பசுந்தாளா கடுகு போட்டு மடக்கி உழுதா மண்ணுல இருக்கற நோயெல்லாம் சாகும்னு படிச்சேனே.

மண்வெட்டி:
கடுகு வேண்டவே வேண்டாம், அதுவும் இதே குடும்பம் தான், நோய்க்கு சோறு போட்ட மாதிரி ஆயிடும். கோஸ், காலிஃப்ளவர், ப்ரோக்கோலி, நூக்கல், டர்னிப், சைனா கோஸ், கடுகு எல்லாத்துக்கும் வரும், முள்ளங்கியில நிறைய ரகம் ஓரளவு தாங்கும் ஆனாலும் அங்க போடாதீங்க. மண்ணுல பெரும்பாலான வித்து முதல் சில வருஷத்துலயே செத்துடும், மிச்சம் மீதி 15, 20 வருஷம் வரைக்கும் கூட கிடக்கும். குறைஞ்சது 5லிருந்து 7 வருஷம் விடுங்க. அதுவரைக்கும் அவரை, வெங்காயம், தக்காளி, வெண்டை, கீரை எது வேணா போடுங்க, ஒண்ணும் ஆகாது. தானா முளைக்கற கடுகுச் செடி, கோஸ் குடும்பத்துக் களை எதையும் வளர விடாதீங்க, பாத்தி சும்மா கிடக்குதுன்னு நாம நினைச்சுட்டு இருப்போம், களையோட வேர்ல இது ஓடிட்டே இருக்கும்.

கோஸ்பாத்தி:
புரிஞ்சுது அண்ணா. நாளைக்கே அழுகின செடிய எடுத்துடறேன், காலிஃப்ளவர் ஒவ்வொண்ணா பார்த்துட்டு திரும்ப வந்து எழுதறேன். சுண்ணாம்பு போட்ட இடத்துல உருளைக்கிழங்கு போடலாம்னு இருந்தேன், சரியா?

வேர்க்கால்:
உருளைய மட்டும் வேற இடத்துல வைங்க. பிஎச் ஏறின மண்ணுல அதுக்கு சொறி நோய் வரும். முதல் போகத்துக்கு அவரையோ வெங்காயமோ போடுங்க, ரெண்டுமே 7 பக்கத்துல நல்லா வரும், பாத்திய கொஞ்சம் மேடா எடுத்துட்டீங்கன்னா தண்ணியும் தேங்காது.