மரத்திலிருந்து விழுந்தவருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே?

வேளிமலைவாசி:
என் சித்தி மகளின் கணவர் தென்னை ஏறுகிறவர். மாசிக் கடைசியில் தக்கலைப் பக்கம் ஒரு விளையில் (தோப்பில்) தேங்காய் வெட்டும்போது விழுந்துவிட்டார். நம் ஊர் வழக்கப்படி முதலில் நாட்டு வைத்தியம் பார்க்கும் வர்ம ஆசானிடம்தான் தூக்கிக்கொண்டு போனோம். அவர் தடவினார், கட்டுப் போட்டார், கஷாயம் கொடுத்தார். மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோனது. அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

பாஸ்புக்கைப் புரட்டியபோது, போன மே மாதம் 20 ரூபாய் கழிந்திருந்தது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, விபத்தில் இறந்தால் 2 லட்சம். எங்களில் யாருக்கும் தெரியாது. படிவம் கொடுத்தோம். 'விழுந்த உடனே காட்டிய ஆஸ்பத்திரிப் பதிவு எங்கே' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆசானிடம் ஏது சீட்டு? இதற்குப் பெயர் காப்பீடா?

மார்த்தாண்டம் கடைக்காரன்:
நான் பத்து வருடமாகச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை. வாங்கும்போது தேன், கொடுக்கும்போது வேப்பெண்ணெய். நானும் ஒரு சேமிப்புப் பாலிசி எடுத்தேன். கடையில் நெருக்கடி வந்து மூன்றாம் வருடம் நிறுத்தினேன். கட்டியதில் பாதிகூடத் திரும்பவில்லை. அதே பைசாவை ஏலச் சீட்டில் போட்டிருந்தால் ஒரு முறை நாம் எடுத்தோம் என்றாவது இருக்கும். நகை வாங்கி வைத்திருந்தால் அடகாவது வைக்கலாம்.

பால்வெட்டி:
கடைக்கார அண்ணாச்சி, நீங்கள் வாங்கியது வேறு, அவர் சொல்வது வேறு. 20 ரூபாய்த் திட்டத்தில் சேமிப்பே கிடையாது. விபத்து நடக்காவிட்டால் அந்த 20 ரூபாய் போனது போனதுதான். கடைக்குத் தீ இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டு, தீப்பிடிக்கவில்லையே என்று அழுவீர்களா?

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவோம். சருகுக்குள் என்ன கிடக்கிறது என்று காலுக்குத்தான் தெரியும். எனக்குச் சீட்டும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. சீட்டை நான் உயிரோடிருந்து கட்டினால்தானே முடியும்?

மார்த்தாண்டம் கடைக்காரன்:
சரி தம்பி, உங்களைப் பாம்பு கடித்தால் எங்கே போவீர்கள்? விஷவைத்தியரிடம்தானே? அவர் சீட்டு எழுதித் தருவாரா? அதே கதைதான்.

பால்வெட்டி:
இனி நேராக ஆஸ்பத்திரிதான். பைசாவுக்காக இல்லை. விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற கணக்கர்:
முப்பது வருடம் வங்கியில் இருந்தவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டம் 2015-இல் 12 ரூபாயில் தொடங்கியது, 2022 ஜூனிலிருந்து 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை. இரண்டு கண்ணோ இரண்டு கை கால்களோ போனாலும் 2 லட்சம், ஒன்று போனால் 1 லட்சம். சாலை விபத்து, நீரில் மூழ்குவது என்றால் போலீஸில் பதிந்திருக்க வேண்டும். மரத்திலிருந்து விழுவதற்கும் பாம்புக்கடிக்கும் உடனடி ஆஸ்பத்திரிப் பதிவு போதும். ஏழைக்குச் சலுகையாகத்தான் அப்படி வைத்தார்கள். ஆசானிடம் முதலில் போகும் நம் ஊரில் அந்தச் சலுகையே குழியாகிவிட்டது.

வேளிமலைவாசி தம்பி, இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எழுதிய கேஸ் ஷீட்டின் நகல் வாங்குங்கள். எப்படி அடிபட்டது என்று அதில் எழுதியிருப்பார்கள். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அந்த அறிக்கையும் வேண்டும், அதுதான் பலம். அப்படியும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கி, ஒரு வருடத்துக்குள் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். செலவில்லை, வக்கீலும் வேண்டாம்.

தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா என்று தனிக் காப்பீடும் உண்டு. அதில் அவர் சேர்ந்திருந்தாரா என்று பாருங்கள்.

துறைக்காரி:
கணக்கர் அண்ணே, நீரில் மூழ்கினால் போலீஸ் பதிவு என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். உடல் கிடைக்காவிட்டால்?

எங்கள் பக்கத்து ஆண்கள் தங்கல் போனால் வாரக்கணக்கில் கடலில்தான். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அதில் காணாமல் போனவர்களுக்கு இறப்புச் சான்று வாங்க ஏழு வருடம் காத்திருக்க வேண்டாம் என்று அரசே வழி செய்தது, 20 லட்சம் நிவாரணமும் வந்தது. ஏன்? நாடே பார்த்தது. எங்கள் மாமன் ஒருத்தர், புயலும் இல்லை, மழையும் இல்லை, இராத்திரி வள்ளத்தின் ஓரத்தில் நின்றவர் தவறி விழுந்தார். எந்தத் தொலைக்காட்சியும் வரவில்லை. அத்தை இன்னும் விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. இறப்புச் சான்று இல்லாமல் எந்தப் பாலிசியும் அசையாது.

மார்த்தாண்டம் கடைக்காரன்:
அக்கா, நீங்கள் என் பக்கம்தானே பேசுகிறீர்கள்? ஆபத்துக்கு வருவது அரசும் ஊரும்தான், பாலிசி இல்லை.

துறைக்காரி:
உங்கள் பக்கம் இல்லை. ஒருத்தர் மட்டும் செத்தால் அரசு தானாக வராது என்கிறேன். மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் 5 லட்சம் உண்டு, பிரீமியம் நம் கைக்காசு இல்லை. ஆனால் பதிவு இருக்க வேண்டும். மாமனுக்கு இருந்ததா என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கூடப் போனவர்கள் கரைக்கு வந்த அன்றே புகார் எழுதிக் கொடுத்திருந்தால் வழக்காவது வலுவாக நின்றிருக்கும். எழுத மூன்று மாதம் ஆனது. ஊர் வந்தது, உண்மை. கஞ்சிக்கு வந்தது. பிள்ளைகளின் கல்லூரிக்கு வரவில்லை.

ஓய்வுபெற்ற கணக்கர்:
தங்கச்சி, அதை நான் சொல்லியிருக்க வேண்டும். தப்புதான்.

கடைக்காரரே, உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் பையன் ஓட்டும் பைக் யார் பெயரில் இருக்கிறது?

மார்த்தாண்டம் கடைக்காரன்:
என் பெயரில். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, வருடா வருடம் கட்டுகிறேன். அதைச் சட்டம் கேட்கிறது, கட்டாமல் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கணக்கர்:
சட்டம் கேட்பது மூன்றாம் நபர் காப்பீடு. பையன் யார் மேலாவது மோதினால் மோதப்பட்டவருக்குக் கிடைக்கும். களியக்காவிளை ரோட்டில் மழையில் தானே சறுக்கி விழுந்தால் பையனுக்கு அதிலிருந்து ஒன்றும் இல்லை. உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பு தனி. அதுவும் வண்டி யார் பெயரிலோ, லைசென்ஸோடு அவரே ஓட்டியிருந்தால்தான். மாவட்டத்தில் பாதி வண்டி அப்பா பெயரில், ஓட்டுவது மகன். இதை ஏஜெண்ட் சொல்லமாட்டார், நாமும் கேட்கமாட்டோம்.

மார்த்தாண்டம் கடைக்காரன்:
இதைத்தான் ஏமாற்று என்கிறேன்! பைசா வாங்கும்போது ஏன் இதைச் சொல்லவில்லை?

பால்வெட்டி:
இதில் அண்ணாச்சியோடு சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ஏமாற்றினான் என்று எடுக்காமல் விட்டால் நஷ்டம் அவனுக்கா நமக்கா?

மார்த்தாண்டம் கடைக்காரன்:
பையன் பெயருக்கு வண்டியை மாற்றலாமா என்று பார்க்கிறேன். சேமிப்புப் பாலிசி பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

வேளிமலைவாசி:
கேஸ் ஷீட் நகல் கிடைத்தது. முதல் பக்கத்திலேயே 'மூன்று நாள் முன் தென்னையிலிருந்து விழுந்ததாக உறவினர் கூறினர்' என்று இருக்கிறது. அந்த உறவினர் நான்தான், சொன்னதே மறந்துவிட்டது. திங்கட்கிழமை மறுபடி கொண்டு போகிறேன்.

கேர சுரக்ஷாவில் அவர் சேரவில்லை.

இந்த மே மாதம் என் கணக்கிலிருந்து 20 ரூபாய் போனதா என்று இப்போதுதான் பார்த்தேன். போகவில்லை. இருப்பு பதினேழு ரூபாய்.