நிக்கோட்டின் அழற்சியைக் குறைக்குமா, கூட்டுமா?

தென்றல்72:
புகைப்பவர்கள் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதமும் வெள்ளை அணுக்களும் கூடுதலாக இருக்கும் என்கிறார்கள். அதே சமயம் நிக்கோட்டின் அழற்சியை அடக்கும், பெருங்குடல் அழன்று புண்ணாகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றும் படிக்கிறேன். இரண்டும் எப்படிச் சரியாகும்? கொலைட்டிஸ் உள்ளவர் சிகரெட்டை விட்டால் நோய் கிளம்புமாமே, அப்படியானால் விடலாமா கூடாதா?

மருந்தியல் மேசை:
இரண்டும் சரிதான். புகையையும் நிக்கோட்டினையும் தனித்தனியாகப் பாருங்கள். புகையில் வரும் அக்ரோலீன், தார், ஆக்சிஜனேற்றப் பொருள்கள் எல்லாம் மூச்சுக்குழாய்ப் படலத்தையும் ரத்தக்குழாய் உள்சுவரையும் புண்ணாக்குகின்றன. காயம்பட்ட இடத்திலிருந்து கிளம்பும் இன்டர்லூக்கின்-6 என்ற சேதிப் புரதம் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. ரிப்போர்ட்டில் தெரிவது இதுதான்.

நிக்கோட்டின் போகும் பாதை வேறு. 2000-இல் அமெரிக்காவில் கெவின் ட்ரேசியின் குழு, பாக்டீரியா நச்சு ஏற்றிய எலிகளின் வேகஸ் நரம்பை (மூளையிலிருந்து இதயம், குடல்வரை போகும் நரம்பு) மின்சாரத்தால் தூண்டியது. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் குறைந்தது. மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களின் மேல் சேதியை வாங்கும் ஆல்ஃபா-7 ஏற்பி வழியாகவே இது நடக்கிறது என்று 2003-இல் காட்டினார்கள். அந்த ஏற்பி இல்லாத எலிகளில் நரம்பைத் தூண்டியும் பலனில்லை. நரம்புச் சேதிப்பொருளான அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய அந்த இடத்தில் நிக்கோட்டினும் உட்காரும். உட்கார்ந்ததும் செல்லுக்குள் அழற்சியைக் கிளப்பும் சுவிட்ச் போன்ற என்.எஃப்.-கப்பா-பி அடங்கி, டி.என்.எஃப். உற்பத்தி குறைகிறது.

மண்ணீரலில் இதற்கு ஒரு சுற்றுவழியும் உண்டு. அங்குள்ள நரம்பு அசிட்டைல்கோலினை அல்ல, நார்அட்ரினலின் என்ற வேறொரு சேதிப்பொருளைத்தான் விடுகிறது. அதை வாங்கிக்கொண்டு ஒருவகை டி-செல்கள் (நோயெதிர்ப்பு வெள்ளை அணுக்கள்) அசிட்டைல்கோலினைச் சுரக்க, மேக்ரோஃபேஜ் அடங்குகிறது. நரம்பும் நோயெதிர்ப்பும் இவ்வளவு நெருக்கமாகப் பேசிக்கொள்வது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் எலியில் கண்டதை அப்படியே மனித மருந்தாக எடுத்துக்கொள்ள முடியாது.

குடல்நலம்:
கொலைட்டிஸ் கதைக்கு வருகிறேன். 1994-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் 72 பேர், 6 வாரம். வழக்கமான மருந்தோடு பேட்ச் போட்ட 35 பேரில் 17 பேருக்கு நோய் முழுக்க அடங்கியது. நிக்கோட்டின் இல்லாத போலி பேட்ச் போட்ட 37 பேரில் 9 பேருக்கு. பெரும்பாலோர் தாங்கிய அளவு 24 மணி நேரத்துக்கு 15 முதல் 25 மி.கி. அடுத்த ஆண்டே அதே இதழில் வந்த ஆய்வில், அடங்கிய நோயை அடங்கியபடியே வைத்திருக்கப் பேட்ச் போலியைவிட மேலாக இல்லை. குமட்டல், தலைசுற்றல், தூக்கக்கேடு வேறு. புகைத்தே பழக்கமில்லாதவர்களுக்கு இவை இன்னும் கடுமை. அதனால்தான் இது வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை. இன்னொரு குடல் அழற்சியான க்ரோன் நோயிலோ நிலைமை தலைகீழ்: புகைத்தால் அது மோசமாகும்.

சிகரெட்டை விட்டபின் சிலருக்குக் கொலைட்டிஸ் கிளம்புவது உண்மை. அதற்கு மருந்து இருக்கிறது. அதற்காக இதயத்தையும் நுரையீரலையும் பணயம் வைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. விடத்தான் வேண்டும்.

பல்லும் ஈறும்:
மேலே சொன்னதை வைத்து நிக்கோட்டினை நல்ல பிள்ளையாக்கிவிட வேண்டாம். அது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களைத் தன் பக்கம் இழுக்கும். அவை வலைபோல் டி.என்.ஏ.வை வெளியே வீசி, சுற்றியுள்ள திசுவையும் கெடுக்கத் தூண்டும். ரத்தக்குழாய்களைச் சுருக்கவும் செய்யும்.

ஈறில் இதை நேரடியாகவே பார்க்கலாம். புகைப்பவரின் ஈறு வெளிறி, இறுகி, ரத்தம் கசியாமல் இருக்கும். பல்லைச் சுற்றி அளவுகோலை விட்டால் 5, 6 மி.மீ. இறங்கும், உள்ளே எலும்பு கரைந்திருக்கும். விட்ட சில வாரங்களில் பல் துலக்கும்போது ரத்தம் வரும். பயந்து மறுபடி பற்றவைக்காதீர்கள், மறைந்திருந்த அழற்சி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஈறைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

‘புகையில்லையே’ என்று ஹான்ஸ் புகையிலையை வாயில் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலுள்ள சுண்ணாம்பு நிக்கோட்டினைக் கன்னத்தின் வழியே வேகமாக ஏற்றும். நைட்ரோசமைன் புற்றுநோய்ப் பொருள்களும் கூடவே வரும்.

தென்றல்72:
நன்றி. விடும்போது பேட்ச், சூயிங்கம் எப்படிப் போடுவது? கொலைட்டிஸ் உள்ளவர் எதைக் கவனிக்க வேண்டும்?

குடல்நலம்:
முதலில் குடல் மருத்துவரிடம் விடும் தேதியைச் சொல்லுங்கள். கொலைட்டிஸ் மருந்தான மெசலமைனை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. விடுவதற்கு முன் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்த்து வைத்தால், பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட முடியும். சி.ஆர்.பி. இதற்கு உதவாது, புகையால் ஏறிய சி.ஆர்.பி. இறங்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் என்றால் வழக்கமாக 21 மி.கி. பேட்ச் 6 வாரம், பிறகு 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். ரோமமில்லாத, எண்ணெய் தடவாத, உலர்ந்த தோலில் ஒட்டி உள்ளங்கையால் 10 விநாடி அழுத்துங்கள். ஒட்டிய இடத்தில் ஒரு வாரம் மறுபடி ஒட்டாதீர்கள். அரிப்பும் சிவப்பும் பெரும்பாலும் அதனால்தான். கெட்ட கனவு வந்தால் படுக்கும்முன் கழற்றிவிடலாம். சிலவற்றின் முதுகில் அலுமினியத் தாள் உண்டு, எம்.ஆர்.ஐ. எடுக்கும்முன் கழற்றுங்கள், இல்லையென்றால் தோல் சுடும்.

தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கொலைட்டிஸைக் கிளப்பக்கூடும். வாய்ப்புண் வருவது விட்டவர்களுக்குச் சகஜம். நாளுக்கு 6 தடவையோ அதற்கு மேலோ மலம் ரத்தத்தோடு போய், காய்ச்சலோ நாடித் துடிப்பு 90-க்கு மேலோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்தியல் மேசை:
சூயிங்கத்தைச் சாதாரண கம் போல மென்றுகொண்டே இருந்தால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். காரம் மங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரைமணி நேரம். காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா குடித்து 15 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். புளிப்பு இருந்தால் வாயில் நிக்கோட்டின் ஏறாது.

ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் சாப்பிடுபவராக இருந்தால் விடும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். புகையின் தார்ப் பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு அந்த மருந்தை வேகமாகக் கரைத்துக்கொண்டிருக்கும். புகை நின்றதும் சில நாளில் ரத்தத்தில் மருந்து ஏறும், பேட்ச் போட்டாலும் ஏறும். காபியும் அப்படித்தான்: பழைய அளவிலேயே குடித்தால் படபடப்பு வரும், அதை நிக்கோட்டின் ஏக்கம் என்று நினைத்துப் பேட்ச் அளவைக் கூட்டிவிடாதீர்கள். காபியைப் பாதியாக்கிப் பாருங்கள்.