ஐஸ் ரோட்டில் ஏபிஎஸ் பிக்கப்: "விட்டு விட்டு மிதி"ன்னு பையனுக்குச் சொல்லிட்டேன், சரியா?

முதுநகர் டிரைவர் (கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். முப்பத்தோரு வருசம் ஸ்டியரிங் பிடிச்சவன் நான். முதல்ல டாடா 407 சின்ன லாரி, அப்புறம் பத்து சக்கர லாரி. பண்ருட்டி பலாப்பழம் கோயம்பேட்டுக்கு, நெய்வேலி நிலக்கரி, சிப்காட் டிரம் லோடு எல்லாம் அடிச்சிருக்கேன். சர்க்கரையால கண்ணு மங்கிப்போய் நாலு வருசமா வீட்டோட இருக்கேன். இதைக்கூட போன்ல பேசிப் பேசித்தான் எழுத வைக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

என் பையன் கனடாவுல எட்மன்டன்ல இருக்கான். வீடுகளுக்கு ஹீட்டர் மாட்டுற, ரிப்பேர் பண்ற வேலை. கம்பெனி ஒரு பிக்கப் குடுத்திருக்கு, 2014 மாடல், பின்னால திறந்த தொட்டி. இது அவனுக்கு அங்க முதல் பனிக்காலம்.

போன வாரம் ராத்திரி வேலை முடிஞ்சு வந்திருக்கான். முன்னால சிக்னல் சிவப்பு. நாற்பதுலதான் வந்தேன்னு சொல்றான். பிரேக்கை மிதிச்சதும் பெடல் காலுக்கடியில கடகடன்னு உதறியிருக்கு, அடியில ஏதோ அரைக்கிற மாதிரி சத்தம். பிரேக் உடைஞ்சு போச்சுன்னு நினைச்சு பயந்து காலை எடுத்துட்டான். வண்டி வழுக்கிக்கிட்டே போய் நாலு ரோடு கூடுற இடத்துல நடுவுல நின்னிருக்கு. அந்த நேரத்துல குறுக்க ஒரு வண்டியும் வரல. அவங்க அம்மாகிட்ட சொல்லாம என்கிட்ட மட்டும் சொன்னான்.

நான் உடனே என்ன சொன்னேன்னா, "ஒரேயடியா மிதிக்காத தம்பி, விட்டு விட்டு மிதி". எனக்குத் தெரிஞ்சது அதுதான். அது எனக்கு எப்படி வந்துச்சுன்னும் சொல்லணும். நெல்லிக்குப்பம் தாண்டி ஒரு இடத்துல அறுத்த உளுந்துச் செடியை ரோடு அகலத்துக்குப் பரப்பிப் போட்டிருந்தாங்க, வண்டி ஏறினா காய் உடையும்னு. காலி 407ல வந்தவன் ஒரு மாட்டைப் பார்த்து பிரேக் அடிச்சேன். நாலு சக்கரமும் பிடிச்சுக்கிச்சு. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிச்சாலும் வண்டி நேராவே போகுது, பின்பக்கம் மட்டும் இடது கைப் பக்கம் சுத்த ஆரம்பிச்சுது. பிரேக்கை விட்டேன், ஸ்டியரிங்குக்கு உயிர் வந்துச்சு. திரும்ப மிதிச்சேன், திரும்ப விட்டேன். மாடு தப்பிச்சுது. அன்னையில இருந்து எனக்குக் கீழ கிளீனரா வந்த பசங்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக் குடுத்தேன்.

இப்ப பையனோட ரூம்ல இருக்கிற ஒருத்தர், "உங்கப்பா சொல்றது பழைய வண்டிக்கு. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற அமைப்பு) இருக்கிற வண்டியில விடவே கூடாது, அழுத்திப் பிடிக்கணும்"ங்கிறாராம். கூட வேலை பார்க்கிற வயசான வெள்ளைக்காரர் ஒருத்தர், "பனியில ஏபிஎஸ் இருந்தா வண்டி நிக்காது, ஃபியூஸைப் பிடுங்கிப் போடு"ங்கிறாராம். மூணு பேர் மூணு விதமா சொன்னா அவன் யாரைக் கேப்பான்? விடியக்காலை அஞ்சு மணிக்கு இருட்டுல கிளம்புறவன். எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. நான் சொன்னது தப்பா இருந்தா தயங்காம தப்புன்னே சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்

அண்ணே, அந்தக் காலத்து 407க்கு நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. பையன் வண்டிக்குத் தப்பு. இன்னைக்கே போன் போட்டுச் சொல்லிடுங்க.

உளுந்துச் செடியில நீங்க காலால பண்ணுன வேலையைத்தான் ஏபிஎஸ் பண்ணுது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சென்சார், அந்தச் சக்கரம் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். ஒரு சக்கரம் பூட்டிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா அதுக்குப் போற ஆயில் அழுத்தத்தை வால்வு குறைச்சுவிடும், சக்கரம் சுத்த ஆரம்பிச்சதும் திரும்ப ஏத்தும். ஒரு செகண்டுக்குப் பத்துப் பதினஞ்சு தடவை கூட நடக்கும். நம்ம கால் எவ்வளவு பழகுன காலா இருந்தாலும் ஒரு செகண்டுக்கு ரெண்டு மூணுதான். அதுவும் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் விட முடியும், எது வழுக்குதோ அதை மட்டும் விட நமக்கு வழி இல்ல. பெடல் உதறுறதும் அந்த அரைக்கிற சத்தமும் பம்ப்பும் வால்வும் வேலை செய்யுற சத்தம். அந்த நேரத்துல காலை எடுத்தா இருக்கிற பிரேக்கும் போயிடும். அழுத்தி மிதிச்சு அப்படியே பிடிச்சுக்கணும், ஸ்டியரிங்கைப் போக வேண்டிய பக்கம் திருப்பணும்.

ஒண்ணு மட்டும் பையன்கிட்ட கேளுங்க. ஐஸ் இல்லாத காஞ்ச ரோட்டுல, மெதுவா நிறுத்தும்போது, கடைசியா அஞ்சு பத்து கிலோமீட்டர் வேகத்துல பெடல் உதறுதா? உதறுனா அது வேற கதை. அந்த ஊர்ல ரோட்டுல உப்பு போடுவாங்க, சென்சார் உக்கார்ற இடத்துல துரு ஏறி சென்சாரைத் தூக்கிவிட்டுடும். சக்கரம் நின்னுபோச்சுன்னு கம்ப்யூட்டர் தப்பா நினைச்சு பிரேக்கை விட்டுடும். சென்சாரைக் கழட்டி அடியில துருவைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி மாட்டணும்.

தாழங்குடா மீன்வண்டி

நான் தினமும் மீன் பெட்டி ஏத்துறவன். மெக்கானிக் அண்ணன் சொல்றதை ஒத்துக்கிறேன், ஆனா அந்த வெள்ளைக்காரர் சொல்றதுலயும் விசயம் இருக்கு. கடற்கரைப் பக்கம் காத்துல மணல் ஏறிக் கிடக்கிற ரோட்டுல என் பழைய வண்டி, ஏபிஎஸ் இல்லாதது, சக்கரம் பூட்டி மணல்ல புதைஞ்சு சட்டுனு நின்னுடும். இப்ப இருக்கிற ஏபிஎஸ் வண்டி அதே இடத்துல இன்னும் ஒரு வண்டி நீளம் தள்ளிப் போய்த்தான் நிக்குது. இது என் கண்ணால பார்த்தது. அதனால பனியிலயும் அப்படித்தான் இருக்கும்னு தோணுது.

முத்தியால்பேட்டைக்காரன் (இப்ப கனடா வின்னிபெக்)

ஐயா, நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை. இங்க பதினொரு பனிக்காலம் பார்த்தாச்சு, ஆறு வருசமா பிக்கப்தான். உங்க பையன் இடத்துல நான் நின்னிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

மீன்வண்டி அண்ணன் பார்த்தது உண்மை. பூட்டிக்கிட்ட சக்கரம் மணலைத் தள்ளித் தனக்கு முன்னால ஒரு மேடு கட்டும், அந்த மேடே அடைக்கட்டை மாதிரி நிறுத்தும். ஏபிஎஸ் சக்கரத்தை உருள விடுறதால அந்த மேடு சேராது. அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்புத் துறை 1999ல வெளியிட்ட சோதனையில, தளர்ந்த சரளையில ஏபிஎஸ் வண்டி நிக்கிற தூரம் சராசரியா 27 சதவீதம் கூடுச்சு. புதுசா விழுந்த, மிதிபடாத பனியும் இதே குணம்தான்.

ஆனா ஐயா, உங்க பையன் வழுக்குனது அந்த மாதிரி பனியில இல்ல. சிக்னல் பக்கத்துல நூத்துக்கணக்கான வண்டி நின்னு நின்னு கிளம்பி, டயர் சுத்திச் சுத்தி, பனி கண்ணாடி மாதிரி பாலிஷ் ஆகியிருக்கும். அங்க தள்றதுக்கு மணலும் இல்ல, பனியும் இல்ல. பூட்டுனாலும் வழுக்கும், பூட்டாட்டாலும் வழுக்கும். பூட்டுனா ஸ்டியரிங்கும் போயிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கைப் பாருங்க. நாற்பது கிலோமீட்டர் வேகத்துல காஞ்ச தார் ரோட்டுல பிரேக் பிடிச்ச இடத்துல இருந்து சுமார் 9 மீட்டர்ல வண்டி நிக்கும். அழுந்துன பனியில 25 மீட்டர். வழுக்கு ஐஸ்ல 60 மீட்டருக்கு மேல. கால் பெடலுக்குப் போற நேரத்தை இதுல சேர்க்கவே இல்ல. எந்த பிரேக் சிஸ்டமும் இந்த 60ஐ 9 ஆக்காது. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கிற பிடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் பிரேக்.

ஃபியூஸ் விசயத்துக்கு வரேன். அந்தப் பெரியவர் பொய் சொல்லல. அவர் காலத்து பிக்கப் வேற. எண்பதுகள் கடைசியில அமெரிக்க பிக்கப்களுக்கு முதல்ல வந்த ஏபிஎஸ் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். ஃபோர்டு 1987ல எஃப் சீரிஸ்ல போட்டது அப்படித்தான். ஏன் பின்னால மட்டும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்ல, காலி 407 பின்பக்கம் சுத்துனதை நீங்களே எழுதியிருக்கீங்க. தொட்டி காலியா இருந்தா பிக்கப்போட கனமெல்லாம் முன்னால இன்ஜின் மேல. பிரேக் அடிச்சா இருக்கிற கொஞ்ச கனமும் முன்னால சாயும், பின்சக்கரம்தான் முதல்ல பூட்டும், வண்டி பம்பரமா சுத்தும். அதைத் தடுக்க அது போதும். ஆனா முன்சக்கரம் பூட்டுறதை அது தடுக்காது, ஸ்டியரிங் செத்துடும். அந்த வண்டியில பழகுனவங்களுக்கு ஏபிஎஸ் மேல நம்பிக்கை வராததுல ஆச்சரியம் இல்ல.

பையனோடது 2014. நாலு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உண்டு. அது போக, வண்டி சுத்தாம பார்த்துக்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இங்க 2011 செப்டம்பருக்கு அப்புறம் செஞ்ச எல்லா சின்ன வண்டியிலயும் கட்டாயம். ரெண்டும் ஒரே சென்சாரை, ஒரே வால்வை நம்பித்தான் ஓடுது. ஃபியூஸைப் பிடுங்குனா ரெண்டும் சேர்ந்து போயிடும். காலி பிக்கப்ல, ராத்திரி ஐஸ்ல, அது ரொம்ப ஆபத்து. தயவுசெஞ்சு கை வைக்க வேண்டாம்னு சொல்லுங்க.

நிக்கிற தூரத்தை உண்மையா குறைக்கிறது டயர். பனிக்கால டயரா, கோடைக்கும் சேர்த்துப் போடுறதான்னு பார்க்கச் சொல்லுங்க. பக்கவாட்டுல மூணு சிகரம் உள்ள மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் வரைஞ்ச முத்திரை இருக்கணும். குளிர்ல சாதாரண ரப்பர் கட்டை மாதிரி இறுகிடும், இது இளக்கமா இருக்கும். கியூபெக்ல டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் சட்டப்படியே பனிக்கால டயர் வேணும். எட்மன்டன் இருக்கிற அல்பர்ட்டாவுல அந்தச் சட்டம் இல்ல, அதனால கம்பெனி போடாம விட்டிருக்கலாம். கேட்டு வாங்கணும். நாலு சக்கரமும் இழுக்கிற கியர் இருக்கேன்னு தைரியப்பட வேண்டாம், அது கிளம்புறதுக்குத்தான் உதவும், நிக்கிறதுக்கு இல்ல.

தொட்டியில மணல் மூட்டை போடலாம். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேல, அசையாம கட்டி. கட்டாத மூட்டை பிரேக் அடிக்கும்போது முன்னால பாஞ்சு வரும்.

இன்னொண்ணு. மைனஸ் இருபத்தஞ்சு குளிர்தான் பயங்கரம்னு நம்ம ஊர்க்காரங்க நினைப்போம். பூஜ்யத்தை ஒட்டி இருக்கிற நாள்தான் ரொம்ப வழுக்கும், ஐஸ் மேல மெல்லிசா தண்ணி நிக்கும். கடும் குளிர்ல ஐஸ் காஞ்சு கொஞ்சம் பிடிப்பு குடுக்கும். பாலத்து மேல அடியிலயும் குளிர்காத்து போறதால ரோட்டுக்கு முன்னாடியே உறைஞ்சிடும்.

அரியாங்குப்பம் ஹவில்தார் (ஓய்வு)

லடாக் பக்கம் ராணுவ லாரி ஓட்டுனவன் நான். சோஜிலா கணவாய், 11,500 அடிக்கு மேல. எங்க வண்டியில ஏபிஎஸ் கிடையாது. சக்கரத்துக்கு இரும்புச் சங்கிலி கட்டுவோம், முன்வண்டிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி விடுவோம், இறக்கத்துல முதல் கியர்லயே இறங்குவோம். பிரேக்கைத் தொடாம இறங்குறவன்தான் அங்க டிரைவர்.

டிரைவர் ஐயா, பையனை ஒரு நாள் காலியா இருக்கிற பெரிய மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொல்லுங்க. இருபதுல போய் முழுசா மிதிக்கட்டும். பெடல் எப்படி உதறுதுன்னு கால் தெரிஞ்சுக்கணும். அப்படியே மிதிச்சபடி ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கட்டும். வாயால சொல்லி இது ஏறாது. எங்களையும் முதல்ல அப்படித்தான் பழக்குனாங்க.

முதுநகர் டிரைவர் (கடலூர்)

எல்லாருக்கும் நன்றி. மெக்கானிக் தம்பி எழுதுனதைப் படிச்சதுமே போன் போட்டேன். அங்க அப்ப ராத்திரி, தூங்கிட்டு இருந்தான். "அப்பா சொன்னது உன் வண்டிக்குப் பொருந்தாது, தப்பா சொல்லிட்டேன், காலை எடுக்காத, அழுத்திப் பிடி"ன்னு சொன்னேன். ஃபியூஸ்ல கை வைக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை ஒரு கடையோட பார்க்கிங்ல, கடை திறக்கிறதுக்கு முன்னாடி, ஹவில்தார் ஐயா சொன்ன மாதிரி பண்ணிப் பார்த்திருக்கான். வீடியோ கால்ல என்னையும் பக்கத்து சீட்டுல நிக்க வெச்சுக்கிட்டான். அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். முதல் ரெண்டு தடவை அவன் கால் தன்னால மேல வந்துடுச்சு. மூணாவது தடவை பிடிச்சுக்கிட்டான், பிடிச்சபடியே இடது பக்கம் திருப்புனான், வண்டி திரும்புச்சு. உளுந்துச் செடி மேல எனக்குத் திரும்பாத வண்டி, அவனுக்கு பிரேக்கை விடாமலே திரும்புது. பார்த்துக்கிட்டே இருந்தேன்.

டயர்ல அந்த மலை முத்திரை இல்ல. கம்பெனியில எழுதிக் குடுத்திருக்கான், இந்த வாரம் மாத்துறதா சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் முப்பதுக்கு மேல போகாதன்னு சொல்லியிருக்கேன். மணல் மூட்டை நாலு வாங்கி ஆக்ஸில் மேல போட்டுக் கட்டிட்டான். கட்டு எப்படிப் போடணும்னு நான்தான் சொன்னேன், லோடு கட்டுறது மட்டும் இன்னும் மாறல.

மெக்கானிக் தம்பி, நீங்க கேட்டது நடக்குது. காஞ்ச இடத்துல, கடை வாசல்ல நிறுத்தப்போற நேரத்துல, கடைசியா ஒரு தடவை பெடல் உதறுதாம். வலது முன்சக்கரம் பக்கம் சத்தம் வர்ற மாதிரி தெரியுதுங்கிறான். ஒரு பக்கத்து சென்சாரை மட்டும் பார்த்தா போதுமா, ரெண்டு பக்கமும் கழட்டச் சொல்லணுமா?

மஞ்சக்குப்பம் மெக்கானிக்

ரெண்டு பக்கமும் கழட்டச் சொல்லுங்கண்ணே. ஒரு பக்கம் துரு ஏறியிருந்தா மறுபக்கமும் ஏறியிருக்கும். சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி அது உக்கார்ற இடத்தைச் சுத்தம் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்க, முக்கால்வாசி அதுலயே சரியாயிடும். வேலை முடியுற வரைக்கும் காஞ்ச ரோட்டுலயும் முன்வண்டிக்கு ஒரு வண்டி இடம் கூடுதலா விட்டு நிக்கட்டும்.