சென்னையில் கச்சேரி மேடைகள் உருவான வரலாறு

கேள்வி:
கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் நடந்துவந்த கச்சேரிகள், சீட்டு வாங்கிக் கேட்கும் சபா மேடைகளுக்குச் சென்னையில் எவ்வாறு இடம்பெயர்ந்தன?

மறுமொழி 1:
மன்னர்களும் ஜமீன்தார்களும் அளித்த ஆதரவு குறையத் தொடங்கியபோது, நகரத்தில் குடியேறிய வக்கீல்களும் அரசு அலுவலர்களும் உறுப்பினர்களிடம் சந்தா திரட்டிச் சபாக்களை நடத்தத் தொடங்கினார்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா இவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. 1927-இல் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக, 1928-இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. ஆனால் இன்று நாம் காணும் அதன் அரங்கம் 1962-இல்தான் திறக்கப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மறுமொழி 2:
ஒலிபெருக்கியையும் கணக்கில் கொள்ள வேண்டும். அது வருவதற்கு முன், கடைசி வரிசை வரை குரல் எட்ட வேண்டும் என்பதற்காக ஆண் பாடகர்கள் நாலு, ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதியில்கூடப் பாடினார்கள். மைக் வந்தபின் சுருதி இறங்கியது. தாழ்ந்த குரலில் ராகத்தை நிதானமாக விரித்து ஆலாபனை செய்யவும் முடிந்தது. என் கணிப்பில், கட்டடங்களைவிட இதுவே பாட்டை அதிகம் மாற்றியது.

மறுமொழி 3:
மேடைகளில் தெலுங்குப் பாடல்களே மிகுந்திருந்த நிலையை எதிர்த்து எழுந்த தமிழிசை இயக்கத்தின் பயனாக, 1943-இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. பாரிமுனைக்கு அருகிலுள்ள ராஜா அண்ணாமலை மன்றம் அதன் அரங்கமாகும்.